பால் பல்லுக்கு ஒரு கவசம்

"விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம்?" என்ற கேள்வி, குழந்தையின் வாயில் சொத்தையைக் காணும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு எழுகிறது. அந்தக் கேள்வியில் அன்புக் குறைவோ அலட்சியமோ இருப்பதாக நான் கருதவில்லை. 6 வயதில் முன்பற்கள் ஆடத் தொடங்கி ஒவ்வொன்றாக விழுவதைக் கண்ணாரக் காண்கிறவர்கள், வாயிலுள்ள 20 பால் பற்களும் அவ்வாறே சீக்கிரத்தில் போய்விடும் என்று எண்ணிக்கொள்வது மனித சுபாவந்தான். ஆனால் முன்பற்களின் கணக்கு வேறு, கடைவாய்ப் பற்களின் கணக்கு வேறு. மேலும் கீழுமாக, வலமும் இடமுமாக, மொத்தம் 8 பால் கடைவாய்ப் பற்கள் ஒரு குழந்தைக்கு உண்டு. அவற்றில் முன்னால் நிற்பவை 9 முதல் 11 வயது வரையிலும், பின்னால் நிற்பவை 10 முதல் 12 வயது வரையிலும் வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. ஆகவே 4 வயதுக் குழந்தையின் கடைவாய்ப் பல் சொத்தையானால், அந்தக் குழந்தை இன்னும் ஆறு, ஏழு ஆண்டுகளுக்கு, சில சமயம் எட்டு ஆண்டுகளுக்கும், அந்தப் பல்லோடுதான் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், பள்ளிக்கூடம் போய் வர வேண்டும்.

அந்த ஆண்டுகளில் அப்பல் உணவை அரைப்பதோடு இன்னொரு காரியமும் செய்கிறது. குழந்தைக்கு ஏறக்குறைய 6 வயதாகும்போது, எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஈறைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய பல் முளைக்கிறது. புதிதாக வந்ததாகையால் அதையும் பால் பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஆயுள் முழுவதும் நிலைக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப் பல். தனக்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப் பல்லின் பின்புறச் சுவரை அனுசரித்தே அது தன் ஸ்தானத்தை அடைகிறது. அந்தப் பால் பல்லை அகாலத்தில் பிடுங்கிவிட்டால், தடுத்து நிறுத்தச் சுவர் இல்லாத நிலையில் பெரிய பல் முன்னோக்கிச் சரிந்து, பின்னாளில் அங்கே முளைக்க வேண்டிய வேறொரு பல்லுக்கு உரிய இடத்தை எடுத்துக்கொள்ளுகிறது. கோணலும் நெருக்கடியுமான பல் வரிசைக்கு இது ஒரு முக்கியமான காரணம். இன்னொன்றும் உண்டு. பால் கடைவாய்ப் பல்லின் விரிந்த வேர்களுக்கு நடுவிலேதான், தாடை எலும்புக்குள், அதற்குப் பின் வரவேண்டிய நிலைப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. சொத்தை முற்றி வேரடியில் சீழ் கட்டினால், உருவாகும் அந்தப் பல்லின் மேற்பூச்சு குறைபட்டு, பழுப்புக் கறையும் பள்ளமுமாக அது முளைப்பதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்த ஆங்கிலப் பல் வைத்தியரின் பெயரால் இப்படிப்பட்ட பல்லை டர்னர் பல் என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

பால் பல்லின் அமைப்பே சொத்தைக்கு எளிதில் இடம் கொடுப்பதாக இருக்கிறது. வெளியே எனாமல் என்னும் கெட்டியான ஓடு, அதற்கு உள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த பல்கூழ் என்ற மூன்று அடுக்குகளும் நிலைப் பல்லில் இருப்பதுபோலவே பால் பல்லிலும் உண்டு. ஆயினும் எனாமலின் கனம் சுமார் 1 மில்லிமீட்டர்தான், அதாவது நிலைப் பல்லில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. பல்கூழோ பல்லின் உருவத்தோடு ஒப்பிடுகையில் பெரிது. அதன் கொம்புகள் பல்லின் முகடுகளை நோக்கி உயர எழும்பி நிற்கின்றன. இரண்டு பால் கடைவாய்ப் பற்களும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு புள்ளியாக இராமல் அகன்ற பரப்பாக இருப்பதால், பிரஷின் நார் நுழையாத அந்தச் சந்தில் சொத்தை மறைவாகத் தொடங்கி, மேலே பார்க்கும் கண்ணுக்குப் பல் முழுதாகத் தோன்றும்போதே உள்ளே வெகுதூரம் போய்விடுகிறது. "நேற்றுவரை நன்றாயிருந்த பல் இன்று பிஸ்கெட் கடிக்கையில் உடைந்துவிட்டது" என்று தாய் சொல்வது அவளுடைய கவனக்குறைவைக் காட்டுவதன்று.

பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை பல தேசங்களில் பல நூற்றாண்டுகள் நிலைபெற்றிருந்தது. 1924ஆம் ஆண்டில் லண்டனில் கிலியன் கிளார்க் என்ற விஞ்ஞானி சொத்தைப் பற்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்கிருமியைப் பிரித்தெடுத்து விவரித்தார். இது தவிர வேறு சில கிருமிகளும் இந்தக் காரியத்தில் கூட்டாளிகள் என்பது பிற்பாடு தெரியவந்தது. கிருமிகள் பல்லைத் தின்பதில்லை. பல்லின்மீது பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, நாம் உண்ணும் சர்க்கரையை அவை உண்டு, அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் ஓர் அளவைத் தாண்டினால் எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த உப்புகளை ஓரளவு திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கரைவதும் சேர்வதுமான இந்த இரண்டு வினைகளும் ஒவ்வொரு வாயிலும் நாள்தோறும் நடக்கின்றன. சர்க்கரை அடிக்கடி வந்து சேரும் வாயில் கரைவது மிஞ்சுகிறது, அங்கே பல் குழிகிறது. சர்க்கரையின் வரவு நின்றுவிட்டால் கிருமிகளின் தொழில் தளர்ந்து, சொத்தை நடுவழியிலேயே நின்றுபோகவும் கூடும். நான் சொல்ல வந்த வரலாறு முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தை ஆதாரமாகக் கொண்டது என்பதால், வாசகர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சொத்தைக்குப் பல் வைத்தியம் வகுத்த பழைய சிகிச்சை, கெட்டுப்போன பகுதியை முழுவதும் குடைந்தெடுத்துவிட்டுக் குழியை அடைப்பது. வளர்ந்தவரின் பல்லில் நெடுங்காலம் உழைக்கும் இந்த முறை, குழந்தையின் கடைவாயில் அடிக்கடி தோற்றுப்போகிறது. பல் சிறிது, சுவர் மெல்லியது. இரண்டு பக்கங்களைச் சேர்த்துக் குழி எடுத்தால் எஞ்சி நிற்பது கொஞ்சம். அழுகிற குழந்தையின் வாயை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதும் கஷ்டம். அடைப்பு உடைந்து விழுகிறது, அல்லது அதன் ஓரத்தில் புதிய சொத்தை பிறக்கிறது; மறுபடியும் ஊசி, மறுபடியும் டிரில்லின் இரைச்சல், மறுபடியும் அழுகை. இவ்விதம் சின்ன வயதில் பல் வைத்தியரின் நாற்காலியைக் கண்டு நடுங்கியவர்கள், பெரியவர்களான பின்பும் வலி தாங்கமுடியாத கட்டம் வரை அங்கே போகத் துணிவதில்லை.

இந்நிலையில் 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹம்ஃப்ரி என்ற பல் வைத்தியர், குரோமியம் கலந்த எஃகினால் முன்கூட்டியே பல்லின் உருவத்தில் செய்யப்பட்ட தொப்பிகளைக் குழந்தைகளின் கடைவாய்ப் பற்களுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். நம் வீட்டுச் சமையலறையிலுள்ள எவர்சில்வர் பாத்திரத்துக்கும் இந்தத் தொப்பிக்கும் உலோகம் ஒரே ஜாதிதான்: இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்த கலவை. காற்றுப் பட்டதும் குரோமியம் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்துக்கொள்ளுவதால், உமிழ்நீரிலும் புளிப்பிலும் இது துருப்பிடிப்பதில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு அளவுகள் வீதம் பெட்டியில் தயாராக இருக்கும். அச்செடுத்து, தொழிற்சாலைக்கு அனுப்பி, நாள்கணக்கில் காத்திருக்கும் வேலை இல்லை. பல்லின் உச்சியையும் பக்கங்களையும் மெல்லச் செதுக்கி, அளவு பார்த்து, சிமெண்ட் வைத்துப் பொருத்திவிட்டால் தொப்பி பல் முழுவதையும் ஈறுவரை மூடிக்கொள்ளுகிறது. அடைப்புகளைவிட இவை அதிக காலம் உழைப்பதை அடுத்தடுத்த ஆராய்ச்சிகள் காட்டின. இருந்தும் சாதாரணப் பல் வைத்தியர்கள் பலர் இதைக் கையில் எடுக்கத் தயங்கினார்கள். மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, துடிக்கும் குழந்தையின் பல்லைச் சுற்றிலும் செதுக்குவது எல்லோருக்கும் கைவந்த காரியம் அன்று.

கெட்டுப்போன டென்டினை மிச்சமின்றி நீக்கிய பின்பே பல்லை மூட வேண்டும் என்பது, தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியக் கல்லூரிகளில் ஓதப்பட்டு வந்த பாடம். ஆனால் 1859ஆம் ஆண்டிலேயே ஜான் டோம்ஸ் என்ற ஆங்கில நிபுணர், நிறம் மாறிய டென்டின் சிறிது பல்கூழின்மேல் இருந்துவிட்டுப் போகலாம், அதைச் சுரண்டப்போய்ப் பல்லையே இழக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தை எழுதிவைத்திருந்தார். அந்தக் குரல் அக்காலத்தில் எடுபடவில்லை. குழிக்குள் விடப்பட்ட கிருமி உள்ளேயே பெருகிப் பல்லைக் கெடுக்கும் என்ற அச்சம் வைத்தியர்களின் மனத்தில் வேரூன்றியிருந்தது. கிருமிக்கு உணவு எங்கிருந்து வரும் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் சிலரே.

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பொதுப் பல் வைத்தியர் இருந்தார். அவர் எந்தப் பல்கலைக் கழகத்திலும் ஆராய்ச்சிப் பேராசிரியர் அல்லர். நாள்தோறும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சிகிச்சை செய்துவந்தவர். 1980களின் இறுதியிலிருந்து அவர், சொத்தையான பால் கடைவாய்ப் பற்களுக்கு எஃகுத் தொப்பியை ஒரு புது வழியில் போட்டுவந்தார். ஊசி போடவில்லை, டிரில்லை எடுக்கவில்லை, பல்லைச் செதுக்கவில்லை, சொத்தையைக்கூட நீக்கவில்லை. பொருத்தமான அளவில் ஒரு தொப்பியைத் தேர்ந்து, அதில் சிமெண்ட் நிரப்பிப் பல்லின்மேல் வைத்து, குழந்தையையே கடிக்கச் சொல்லி, சொத்தையை உள்ளே வைத்து மூடிவிட்டார். இதைக் கேட்ட மாத்திரத்தில் வைத்தியம் கற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். கல்லூரிப் பாடத்துக்கு இதைவிட நேர் விரோதமான செய்கை வேறு இருக்க முடியாது. ஆயினும் அவர் கவனமாகக் குறிப்பேடு வைத்திருந்தார். டண்டீ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா இன்னஸ், டஃபிட் எவன்ஸ் முதலியோர் அந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்து, 259 குழந்தைகளுக்கு 1988 முதல் 2001 வரை போடப்பட்ட 978 தொப்பிகளின் கதையை 2006ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பல் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். மூடி வைத்த சொத்தை பற்களை அழித்துவிடவில்லை. பெரும்பாலான பற்கள் பிடுங்கப்படாமலே தம் காலத்தைக் கழித்தன என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது. ஒரு தனி மனிதர், உலகம் பார்க்காத ஒரு மூலையில், பத்து ஆண்டுகளுக்குமேல் தம் கண்ணால் கண்டதை நம்பித் தொடர்ந்து செய்துவந்ததும், அதைப் பல்கலைக் கழகத்தார் புறக்கணித்துத் தள்ளாமல் எடுத்து ஆராய்ந்ததும், விஞ்ஞான சரித்திரத்தில் போற்றத்தக்க ஒரு சம்பவமாக எனக்குப் படுகிறது.

பழைய குறிப்பேடுகள் மட்டும் நிரூபணம் ஆகமாட்டா என்பதால் அடுத்துப் பரீட்சை நடத்தினார்கள். ஸ்காட்லாந்தின் டேசைட் வட்டாரத்தில் 17 பல் வைத்தியர்கள் 132 குழந்தைகளைச் சேர்த்தனர். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே மாதிரியான சொத்தை இரு பக்கங்களிலும் இருந்தது. எந்தப் பல்லுக்கு ஹால் முறை, எந்தப் பல்லுக்கு வழக்கமான அடைப்பு என்பதைத் தற்செயல் தீர்மானித்தது. இவ்விதம் ஒரே வாயில், ஒரே உணவில், ஒரே பிரஷ் பழக்கத்தில் இரு முறைகளும் சோதிக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டில் வெளியான இரண்டாண்டு முடிவுகளில், வலி, சீழ், பல்கூழ் நோய் முதலிய பெருந்தோல்விகள் அடைக்கப்பட்ட பற்களில் நூற்றுக்கு 15 ஆகவும், தொப்பியிட்டவற்றில் நூற்றுக்கு 2 ஆகவும் இருந்தன. அடைப்பு விழுவது, உடைவது போன்ற சிறு தோல்விகள் முறையே 46, 5. ஐந்தாண்டு முடிவுகளும் ஏறத்தாழ இதையே உறுதிசெய்தன. குழந்தைகளைக் கேட்டபோது நூற்றுக்கு 77 பேர் தொப்பியே மேல் என்றனர். பெற்றோரில் 83 பேரும், பல் வைத்தியர்களில் 81 பேரும் அவ்வாறே கூறினர்.

இதன் தத்துவம் நாம் மனத்தில் வைத்துக்கொண்ட வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஈறுவரை இறுக மூடிய தொப்பிக்குள் சர்க்கரை புகுவதில்லை. உள்ளே அகப்பட்ட கிருமிகளில் பல மடிகின்றன. எஞ்சியவை அமிலம் உண்டாக்கும் சக்தியை இழக்கின்றன. அவகாசம் கிடைத்த பல்கூழ் தன் பங்குக்குப் புதிய டென்டினை உட்புறமாகச் சுரந்து, தனக்கும் சொத்தைக்கும் இடையே சுவரைக் கனப்படுத்திக்கொள்ளுகிறது. தொப்பியை ஒட்டவைக்கும் சிமெண்டும் சாமானியமானதன்று. லண்டனில் அரசாங்க ரசாயன ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் உருவாக்கி, 1970களின் தொடக்கத்தில் உலகுக்குத் தெரிவித்த கிளாஸ் அயோனோமர் என்னும் இந்தச் சிமெண்ட், ஈரமான பல்லோடும் ரசாயனப் பிணைப்பு கொண்டு ஒட்டுகிறது, ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. ஊசியும் உலர்த்தலும் இல்லாமல் இந்த முறை சாத்தியமானதற்கு இது பெரிதும் காரணம்.

செய்கிற விதம் இது. பற்கள் நெருக்கமாக இருந்தால் சந்தில் சிறிய ரப்பர் வளையங்களை நுழைத்து, மூன்று முதல் ஐந்து நாள் கழித்து வரச் சொல்லுவார்கள்; அதற்குள் தொப்பி நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாகிவிடும். குழந்தையைச் சாய்க்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, தொப்பி தவறித் தொண்டைக்குள் போகாதபடி சல்லடைத் துணியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அளவு பார்க்கிறார்கள். சிமெண்ட் நிரப்பிய தொப்பியைப் பல்லின்மேல் வைத்ததும் குழந்தை பஞ்சைக் கடித்து அழுத்துகிறது. பால் கடைவாய்ப் பல் நடுவில் புடைத்து, ஈறருகே குறுகியது. கையில் போடும் வளையல் விரல் முட்டிகளின் அகலத்தில் சற்று நெருக்கி, அதைத் தாண்டியதும் மணிக்கட்டில் சுகமாகத் தங்குவதுபோல, மெல்லிய எஃகு அந்தப் புடைப்பைக் கடக்கையில் கொஞ்சம் விரிந்து, கடந்தவுடன் மீண்டு ஈறோரத்தில் இறுகப் பற்றிக்கொள்ளுகிறது. சிமெண்டின் புளிப்பு வாயில் தட்டும், ஈறு சில நிமிஷம் வெளுத்துக் காணும். பல்லைச் செதுக்காததால் தொப்பியின் கனம் கடியை உயர்த்துகிறது; மற்ற பற்கள் மேலும் கீழும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதைக் கண்டு தாய் திடுக்கிடுவாள். வளரும் குழந்தையின் பற்கள் சில வாரங்களில் தாமாகவே இடம் திருத்திக்கொண்டு கடி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்பதை அவளிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை.

எல்லாப் பல்லையும் இப்படி மூடிவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும். இரவில் தானாக வந்து தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் கொப்புளம், முகத்தில் வீக்கம், காலத்துக்கு முந்திய ஆட்டம் ஆகியவை இருந்தால் பல்கூழ் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று பொருள்; அதன்மேல் தொப்பி போடுவது சீழை உள்ளே பூட்டுவதாகும். எக்ஸ்ரே படத்தில் சொத்தைக்கும் பல்கூழுக்கும் நடுவே நல்ல டென்டின் ஒரு பட்டையாகத் தெரிந்தால்தான் ஹால் முறைக்கு இடமுண்டு. பல்கூழின் மேற்பகுதி மட்டும் கெட்டு, வேருக்குள் இருக்கும் பகுதி உயிரோடிருந்தால் மேற்பகுதியை நீக்கி, எஞ்சியதன்மேல் மருந்து வைத்து, அதன்பின் தொப்பி போடுவார்கள். வேர்வரை அழுகியிருந்தால் வேர்ச் சிகிச்சை, அல்லது பிடுங்கிவிட்டு இடத்தைக் காக்கும் கம்பி வளையம்.

இந்த முறையில் எனக்குள்ள மதிப்பு மற்றொரு பரீட்சையை மறைக்கும்படி செய்யக் கூடாது. பிரிட்டனில் 3 முதல் 7 வயது வரையுள்ள 1,144 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான குடைதலும் அடைத்தலும், மற்றொன்றுக்கு ஹால் தொப்பி உள்ளிட்ட மூடிவைக்கும் முறை, மூன்றாவதற்குத் தடுப்பு முறைகள் மட்டும் என்று வகுத்து, முதலிரண்டுக்கும் தடுப்பு முறைகளையும் சேர்த்தே கொடுத்து, மூன்று ஆண்டுகள் வரை கவனித்தார்கள். 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவில், வலியோ சீழோ கண்ட குழந்தைகள் முறையே நூற்றுக்கு 42, 40, 45. மூன்றுக்கும் இடையே திட்டமான வேறுபாடு இல்லை. டேசைட்டில் எண்ணப்பட்டது ஒவ்வொரு பல்லின் கதி. இங்கே எண்ணப்பட்டது குழந்தையின் வாய் முழுவதும். ஒரு பல்லைத் தொப்பி காக்கும். பக்கத்துப் பல்லுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. உலகம் முழுவதும் 51 கோடியே 40 லட்சம் குழந்தைகளின் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டிருக்கிறது. அத்தனை பேருக்கும் தொப்பி போடுவதென்பது நடக்கக்கூடியதும் அன்று. இரவுப் பால் புட்டியில் சர்க்கரை சேர்க்காமலும், ஃபுளோரைடு பற்பசையால் காலையும் படுக்குமுன்னும் தேய்த்துவிட்டும் காத்துக்கொண்ட வாய்க்கு இந்த வரலாறே தேவைப்படாது.

பெற்றோரின் மனத்தாங்கல் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியது. வெள்ளித் தொப்பி குழந்தை சிரிக்கையில் பளிச்சிடும் என்று வருந்துகிறவர்களுக்கு, அண்மைக் காலத்தில் சிர்கோனியா என்னும் வெண்ணிறத் தொப்பிகள் வந்திருக்கின்றன. பார்வைக்கு அசல் பல்லைப்போல இருக்கின்றன. ஆனால் சிர்கோனியா வளைந்துகொடுக்காது. புடைப்பைத் தாண்டி இறுகிக்கொள்ளும் குணம் அதற்கு இல்லாததால், பல்லை அதிகமாகச் செதுக்கித்தான் பொருத்த வேண்டும். ஊசியும் டிரில்லும் திரும்பி வந்துவிடுகின்றன, செலவும் கூடுகிறது. முன்பல்லுக்கு வெண்மை அவசியமாகலாம். கடைவாயின் மூலையிலுள்ள பல்லுக்காக ஒரு குழந்தையை அவ்வளவு சிரமப்படுத்துவது தகுமா என்பது பெற்றோர் நிதானமாக யோசிக்க வேண்டியது. என் அபிப்பிராயத்தில் எஃகே போதும். நிக்கல் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். தொப்பியை எப்போது கழற்றுவது என்றும் சிலர் கேட்கிறார்கள். கழற்ற வேண்டியதே இல்லை. உள்ளிருந்து வரும் நிலைப் பல் பால் பல்லின் வேர்களைக் கரைத்து முடித்ததும், 10 அல்லது 11 வயதில், பல்லும் தொப்பியும் சேர்ந்தே விழும்; நிலைப் பல் கோணல் வழியில் முளைப்பதாக வைத்தியர் கண்டால் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பிடுங்கிவிடுவார்.